எட்டாவது பாடம், மூன்றாவது வரி

ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த தாள்களின் சூடும், ஜன்னல் வழியே வந்த தோல் பதனிடும் நாற்றமும் கலந்த ஒரு நெடிதான் எனக்கு இன்றும் பொறாமையின் நெடி. ஆம்பூரில் எங்கள் தேவாலயத்தை ஒட்டிய அறையில் ஒரே ஒரு பியானோ இருந்தது. அதில் சனிக்கிழமைதோறும் நானும் என் வகுப்புத் தோழி ஜெசிந்தாவும் கற்றுக்கொண்டோம், அதாவது அவள் வாசித்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வயிறெரிந்தேன்.

ஐரோப்பியர் ஒருவர் பிள்ளைகளின் விரல் பழகுவதற்கென்று எழுதிய இருபத்தைந்து குட்டிப் பாடங்கள் எங்களிடம் உதிரித் தாள்களாக இருந்தன. நகலெடுத்தவர் தலைப்பகுதியை வெட்டிவிட்டதால், எது எத்தனையாவது என்று தேடுவதே பெரிய 'பேஜார்'. ஒருநாள் எங்களுக்குப் பியானோ சொல்லித்தந்த மிஸ் அந்தத் தாள்கட்டை என் மடியில் போட்டு, "உனக்கு வாசிப்பு கம்மி, ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நீ இதுக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடும்மா" என்றார். அன்று அழாமல் வீடு வந்து சேர்ந்தேன் என்பதே ஆச்சரியம்.

மிஸ்ஸிடமிருந்த பழைய புத்தகத்தோடு ஒப்பிட்டு, எண், 'ஸ்கேல்', வேகம், எந்தக் கைக்கு வேலை என்று நான்கு கட்டம் போட்டேன். என் அப்பா தோல் தொழிற்சாலையில் 'செலக்‌ஷன்' பார்ப்பவர். ஒவ்வொரு தோலையும் விரித்துத் தடவி, உண்ணிக் கடி எங்கே, முள் கீறல் எங்கே என்று பார்த்துத் தரம் பிரிப்பார். என் நோட்டைப் புரட்டிவிட்டு, "இன்னாம்மா இது, எல்லாம் நல்லதாவே எழுதிக்கினு இருக்க? எதுல எங்க குறைன்னு இல்லாத லிஸ்டு லிஸ்டே இல்ல" என்றார். அப்படித்தான் ஐந்தாவது கட்டம் வந்தது: 'தடுமாறும் இடம்'.

அதை நிரப்ப ஜெசிந்தாவைத்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது. அவளும் எனக்கு உதவுகிற சந்தோஷத்தில் ஒன்று விடாமல் வாசித்தாள். அவளுடைய தப்புக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததுபோல் எந்தப் பாட்டுக்கும் காத்திருந்ததில்லை. இரண்டாவதில் கட்டை விரல், பதினொன்றில் இடது கை என்று கட்டங்கள் நிறைந்துகொண்டே வந்தன. எட்டாவதில் மட்டும் அவள் தடுமாறவே இல்லை. மூன்று முறை வாசிக்கச் சொன்னேன். மூன்று முறையும் தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 'மூன்றாவது வரி, நான்காவது விரல் நிற்கும்' என்று, என் மிக அழகான கையெழுத்தில் பொய் எழுதினேன்.

மிஸ் பூரித்துப்போய் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். ஜெசிந்தா அதைப் படித்துவிட்டு, "நெஜமாவா? எனக்குத் தெரியவேயில்லபா" என்றாள். அடுத்த வாரம் அந்த இடம் வந்ததும் மெதுவானாள். அதற்கடுத்த வாரம் நின்றாள். வேலூரில் நடந்த தேர்வில் எட்டாவது பாடத்தையே கேட்டார்கள். மூன்றாவது வரியில் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடியும் நின்றாள். வெளியே வந்து என் தோளில் சாய்ந்து, "நீ அப்பவே கரெக்டா எழுதின" என்று அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

அந்த அறை இப்போது வண்டி நிறுத்துமிடம். பியானோ எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ படம் பிடித்துவைத்த என் பட்டியல் மட்டும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ராணிப்பேட்டையில் கீபோர்டு சொல்லித்தரும் ஜெசிந்தா போன மாதம் அதை எனக்கே அனுப்பிவிட்டு, போனிலும் கூப்பிட்டாள். வீடு கொள்ளாத பிள்ளைகள் அவளிடம் படிக்கிறார்கள் என்று கேட்டதும் பழைய எரிச்சல் எட்டிப்பார்த்தது. ஆனாலும் அன்று எப்படியோ வாய் திறந்தேன்.

"எட்டாவதுல நான் எழுதினது பொய், ஜெசி. நீ அங்க தடுமாறவே இல்ல."

அவள் சிரித்தாள். "போபா, சும்மா சொல்லாத. எனக்கு சின்ன வயசுலேர்ந்தே அந்த எடத்துல கை நிக்கும். எங்கிட்ட படிக்கிற பசங்களுக்கும் அங்கதான் நிக்குது."