எனக்காக இறக்கின முடி

கண்ணு போனா தடுமாறி விழுவோம். காது போனா நாலு பேரு கத்துவாங்க. மூக்கு போனா மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியல. மீன் விக்கிறவளுக்கு மூக்கு போனா பொழப்பு இன்னா ஆவும்னு ராயபுரம் கரையில பொறந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. சர்வேசுரன் எனக்கு செஞ்சதைச் சொல்லத்தான் இன்னிக்கு உங்க முன்னால நிக்கறேன். ரெண்டு கண்ணாலயும் உங்களைப் பார்த்துகினு நிக்கறேனே, அதுவே பாதி சாட்சி.

எம் பேரு ஞானம்மா. எங்க வூட்டுக்காரரு ஹார்பர்ல மூட்டை தூக்குறாரு. நானும் அவரு தங்கச்சி பிலோமியும் கரையில மீன் எடுத்து, கூடையைத் தலையில வெச்சுகினு வண்ணாரப்பேட்டையில தெருத்தெருவா விப்போம். அப்ப வெள்ளைக்காரன் போயி ஆறேழு வருசம் இருக்கும். தபசு காலம். வெள்ளிக்கிழமையில நம்ம ஜனம் கறி தொடாது, மீனுக்கு நல்ல கிராக்கி. அன்னிக்குப் பார்த்து, வழக்கமா வாங்குற ஒரு அம்மா சங்கரா மீனைத் திருப்பிக் கொண்டாந்து என் கூடையில வீசினாங்க. "நாத்தம் கொடலைப் புடுங்குது! இதைப் போயி என் தலையில கட்டினியே!"

நான் எடுத்து மோந்து பார்த்தேன். ஒண்ணும் தெரியல. "மாதா மேல ஆணை, காலையில எடுத்த மீனு"ன்னு கத்துனேன். பின்னால நின்ன பிலோமி குனிஞ்சு மோந்தா. "அண்ணி, மெய்யாலுமே நாறுது. பொய் ஆணை வெக்காதே"ன்னா. தெருவுல அத்தினி பேரு முன்னால! எனக்கு வந்துச்சே கோவம். ஒரே வூட்ல இருந்துகினு அன்னியிலேர்ந்து அவளோட பேச்சை வுட்டேன். தபசு முடிஞ்சு பாஸ்கா திருநாளு கழிச்சு அவளுக்குக் கல்யாணம் வெச்சிருந்தோம். அந்த வேலையைக் கூட மொகத்தைத் திருப்பிகினுதான் செஞ்சேன்.

தலைவலி அதுக்கு முன்னாலயே இருந்துச்சு. கூடை தூக்கறவளுக்குத் தலை வலிக்காம இன்னா பண்ணும்னு துணியை இறுக்கிக் கட்டிகினு திரிஞ்சேன். அப்பால காலையில எழுந்தா வாந்தி. எடது கண்ணுல புகை மூட்டம். கண்ணேறுன்னாங்க, பித்தம்னாங்க. நான் ஆரோக்கிய மாதாவண்ட நேர்ந்துகினேன்: "தாயே, என் தலையையும் மூக்கையும் திருப்பிக் குடு. வேளாங்கண்ணிக்கு வந்து என் முடியை உன் காலடியில இறக்கறேன்." நேர்ந்த பிற்பாடு கத்திரியே படவுடல. அது என் முடி இல்ல, அவளோடது.

ஒரு நாளு அடுப்புல சோறு கருகி வூடு பூரா தீஞ்ச நாத்தமாம். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிகினு நெத்திலி ஆஞ்சுகினு கீறேன். என் முந்தானை நுனியில நெருப்பு புடிச்சிருக்கு, அதோட நாத்தம் கூட எனக்குத் தெரியல. பிலோமிதான் ஓடியாந்து தண்ணியை ஊத்துனா. எங்க வூட்டுக்காரரு ஆடிப் போயிட்டாரு. மறுநாளே என்னை இஸ்துகினு பெரியாஸ்பத்திரிக்குப் போனாரு.

டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லி, மூக்கண்ட காப்பித்தூளு, சோப்பு, கிராம்புன்னு காட்டுனாரு. எல்லாமே எனக்கு வெறும் காத்துதான். மண்டையைப் படம் புடிச்சாங்க. அப்பால சொன்னாரு: "அம்மா, நெத்திக்குப் பின்னால ஒரு கட்டி இருக்கு. புத்து இல்ல. சாதுவான கட்டிதான். பல வருஷமா மெதுவா வளந்துட்டு இருக்கு."

"சாதுதானே சாமி? இருந்துட்டுப் போவட்டுமே."

"மண்டை ஓட்டுக்குள்ள இடம் ஏதும்மா? மூக்கு நரம்பை நசுக்கிட்டுது. அடுத்தது கண்ணு. அதுக்கப்புறம் உயிரு. எடுத்துடணும்."

எனக்குப் புரிஞ்சது இதுதான். நம்ம ஒண்டுக்குடித்தன வூட்ல ஒரு நல்ல மனுசன் விருந்தாளியா வந்து குந்திகினான். யாரையும் அடிக்கல, திட்டல. ஆனா நாளுக்கு நாள் பெருத்துகினே போறான். நல்லவன்னு வுட்டா புள்ளைங்க எங்க படுக்கும்? வெளிய அனுப்பத்தான் வேணும்.

கத்திக்குக் கூட நான் பயப்படல. ஆனா, தலையை மழிக்கணும்னாங்க. "வாணாம். இது மாதா முடி. இதுல ஆஸ்பத்திரிக் கத்தி படக் கூடாது"ன்னு சொவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துகினேன். எங்க வூட்டுக்காரரு கெஞ்சுனாரு, அழுதாரு. நம்ம கோயில் சாமியாரே வந்து, "மாதா கோவிச்சுக்க மாட்டாங்கம்மா"ன்னாரு. "நேர்ந்தது நீங்க இல்லியே சாமி, நான்தானே"ன்னுட்டேன். தள்ளிப்போட்டா கண்ணு போயிடும்னு டாக்டர் சொல்லிகினே இருந்தாரு. போனா போவட்டும், கொடுத்த வாக்கு பெருசுன்னு கெடந்தேன்.

அப்பத்தான் பிலோமி வந்தா. "அண்ணி"ன்னா. கட்டில் பக்கத்துல நின்னு கொண்டையை அவுத்தா. இடுப்புக்குக் கீழ வரைக்கும் தொங்குற முடி அது, எங்க தெருவுல யாருக்கும் கெடையாது.

"மாதாவுக்கு முடிதானே வேணும்? என்னுதை எறக்கறேன். நாளைக்கே ரயில் ஏறிடறேன். நீ உன் தலையை டாக்டரண்ட குடு."

"அடி பைத்தியக்காரி! கல்யாணப் பொண்ணுடி நீ. மொட்டையோட பூசைக்கு நிப்பியா?"

"முக்காடு எதுக்குக் கீது? அந்த ஆளு முடியையா கட்டிக்கப் போறாரு? வாணாம்னா போவட்டும். வேற மாப்பிள்ளை கெடைப்பான், வேற அண்ணி கெடைக்க மாட்டா." அப்பால என் கையைப் புடிச்சுகினா. "அன்னிக்குத் தெருவுல நீ பொய் சொல்றேன்னு நெனைச்சேன் அண்ணி. உனக்கு மூக்கே இல்லன்னு யாருக்குத் தெரியும்?"

நான் ஓன்னு அழுதுட்டேன். இவ தன் கல்யாணத்தையே மாதா முன்னால வெக்கிறா, நான் முடியைப் புடிச்சுகினு தொங்கறேன். இதுக்கு மேல மாதா எப்படித்தான் பேசுவா? எழுந்து குந்தினேன். "முடி எடுக்கறவரைக் கூப்புடுங்க"ன்னேன்.

என்னை மேசையில ஏத்தின காலையில பிலோமி வேளாங்கண்ணியில மொட்டைத் தலையோட முழங்கால்ல கெடந்தா. கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்துச்சாம். மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் தொறந்தேன். எதுத்தாப்பல எங்க வூட்டுக்காரரு சட்டையில இருந்த பட்டன் ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது. சேசுவே, உனக்குத் தோத்திரம்!

கல்யாணத்தன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் மொட்டையோடதான் கோயிலுக்குப் போனோம். மாப்பிள்ளை முக்காட்டை லேசா தூக்கிப் பார்த்துட்டு, "சோக்காத்தான் கீது"ன்னாரு. சாமியாருக்கே சிரிப்பு வந்துட்டுது.

மூக்கு திரும்பி வரல. வராதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. கட்டியோட வேரு கொஞ்சம் நரம்போட ஒட்டிகினு கீது, அதைத் தொடாம வுட்டுட்டாங்க. ரெண்டு தபா கை கால் இழுத்து வலிப்பு வந்துச்சு. மாத்திரையை ஒரு வேளை கூட வுடறதில்ல, அடுப்பண்ட தனியா குந்தறதில்ல, கூப்புட்ட நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி கண்ணைக் காட்டிட்டு வர்றேன். மீனை செவுளைத் தூக்கிப் பார்த்து, வெரலால அமுக்கிப் பார்த்து எடுக்கறேன். அதுக்கு மேல பிலோமி மோந்து தலையாட்டினாத்தான் கூடையில ஏறும். கல்யாணமாகிப் போயும் தெனம் கரைக்கு வந்துடறா.

உங்கள்ல யாருக்காச்சும் தீராத தலைவலி இருக்கலாம், கண்ணு மங்கலாம். மாதாவண்ட முழங்கால் போடுங்க. போட்டுட்டு எழுந்து, டாக்டரண்டயும் போங்க. நேர்ச்சையைச் சாக்கு வெச்சுகினு என்னை மாதிரி சொவரைப் பார்த்துப் படுக்காதீங்க. அவ அனுப்புற உதவி எந்த வாசப்படி வழியா வரும்னு நமக்குத் தெரியாது. எனக்கு, நான் பேச்சை வுட்டவ வழியா வந்துச்சு.

பிலோமி முடி மறுபடி இடுப்பைத் தொட்டுட்டுது. ஒவ்வொரு மாதா திருநாளுக்கும் நான்தான் மல்லி வாங்கி என் கையாலயே வெச்சு வுடறேன். "வாசனை எப்படிடீ கீது?"ன்னு கேப்பேன். அவ சொல்லுவா. எனக்கு அது போதும்.