குரங்கின் குடலும் என் வாயும்

பதுளையில் மிருக வைத்தியரான ஓர் அம்மாவிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். பக்கத்து ஊரான எல்லவில் இறந்து கிடந்த ஒரு கிழக்குரங்கை அன்று அவர் அறுத்துப் பார்த்தார். போத்தலில் பெயர்ச்சீட்டு ஒட்டப் போன என்னிடம் பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியைக் காட்டினார்.

"பாருங்கண்ணே, உள்தோல்லதான் ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் தசையைத் துளைச்சு, வெளிக்கொழுப்புக்குள்ள விரல் விட்ட மாதிரி எறங்கியிருக்கு. ஆரம்பத்துலயே ரத்தம் போயிருக்கும். வாயில்லாத சீவன், யார்கிட்ட சொல்லும்?"

எனக்கும் மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நானே முடிவுகட்டி, வெட்கத்தில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா கையுறையோடு தலையில் அடித்துக்கொள்ளப் போய், நல்லவேளை, நிறுத்திக்கொண்டார்.

"வாயிருந்தும் கொரங்கு மாதிரி இருந்திருக்கீங்களே! மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

ஆஸ்பத்திரியில் ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்; எனக்கும் கட்டிதான். ஆனால் குடலின் உள்தோலை அது தாண்டவில்லை. அப்படியே எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் தேநீர்க் கடையில் யாராவது மூலம் என்று முனகினால், "ரத்தம் போகுதா?" என்று சத்தமாகவே கேட்கிறேன். நண்பர்கள் கையிலிருக்கும் வடையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஆனாலும் இரண்டு பேர் போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள்.