தண்ணீர் விடாமல் அறுத்த கல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் பழவங்காடி வரை எத்தனையோ வீட்டு அடுக்களை மேடைகளில் கிடப்பது நான் பதித்த கிரானைட். ஒருத்தரும் என்னைக் கைதூக்கி விடவில்லை.

மற்றவர்கள் தண்ணீர் விட்டுக் கல்லை அறுப்பார்கள். சேறு தெறித்துப் புதுச் சுவர் பாழாகும். நானும் தங்கச்சி புருஷனும் வீட்டுக்குள்ளேயே தண்ணீரில்லாமல் அறுப்போம். "ஒரு துளி வெள்ளம் விழாது சாரே" என்பேன். வேலை எனக்குத்தான் கிடைக்கும். யோசனை என்னுடையது, அறுத்தது பெரும்பாலும் அவன். முகத்தில் ஒரு துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்வான். இருமினால், "கல்லுப்பொடிக்கே பயந்தா நீ என்ன ஆம்பள, மாப்ள?" என்பேன். சிரிப்பான்.

அவன் மெலிந்தபோது கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். அவன் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்: "பிசினஸ். சொந்தக் கடை." கல் அறுக்கிறவன் என்று சொல்ல எனக்குக் குறைச்சலாக இருந்தது. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்து டிபி என்று மாத்திரை தந்தார்கள். தங்கச்சி வீட்டில் நானே உத்தரவு போட்டேன்: தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை பின்கட்டில், பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது. இரண்டு வருஷம் அப்படியே கிடந்து போய்ச் சேர்ந்தான்.

இப்போது நான்கு படி ஏறினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. அவனுடைய எக்ஸ்ரேயையும் பையில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலையாளத்துப் பெண் டாக்டர்.

"என்ன ஜோலியாக்கும் அங்கிள்?"

"பிசினஸ்."

"அதுக்கு முன்னே?"

தண்ணீரில்லாமல் அறுத்த சாமர்த்தியத்தைப் பெருமையாகவே சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அங்கே எடுத்த என் எக்ஸ்ரேயையும் அவனுடையதையும் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ரெண்டும் ஒண்ணு தன்னே. கல்லுப்பொடி நெஞ்சில படிஞ்சது. சிலிக்கோசிஸ். மாத்திக் குணமாக்க மருந்தில்ல. ஆனா இது யாருக்கும் பகராது."

பகராது. யாருக்கும் தொற்றாது.

நேரே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்தேன். நான் இருமுவதைக் கேட்டு அவள் பின்கட்டிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தாள். அவனுடையது. அப்புறம் எப்படி மறைப்பது? அன்றைக்கு கிளினிக்கில் நான் சொன்ன பொய், இது யாருக்கும் தொற்றாது என்பது, எல்லாம் சொன்னேன்.

தட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அவருக்க பிள்ளைகளை ஒரு தடவை தொடவாவது அவரை விட்டிருக்கலாமே அண்ணே?"

அந்தத் தட்டிலேயே சோற்றைப் போட்டாள். வேறு தட்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.