முகத்துவாரக்குப்பத்துக்கு ஒரு பச்சை ஸ்கூட்டர்

"அன்னிக்கி வந்தாளே, அப்பவே அவளுக்குத் தெரியுமா டீச்சரம்மா?"

 கேட்டவர் ரோசாலி, நம் பெர்னாவின் அக்கா. போன மாதம் ஒரு காலை, கல்லூரிக்குக் கிளம்பி வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது. "பெர்னா போய்ட்டா" என்றார்.  அவர் பக்கத்தில் கடல் இரைந்தது. என் பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வைத்துவிட்டாரோ என்று நான் நினைத்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். "உனக்கே தெரியலன்னா வேற யார கேப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இயற்பியல் ஆய்வக உதவியாளர் பெர்னதெத்தை இந்த மலரை வாசிக்கும் பலருக்கும் தெரியும். கருவி அறையின் சாவிக்கொத்து எங்கே குலுங்குகிறதோ அங்கே அவர் இருப்பார். உடைந்த மீட்டரைப் புகார் எழுதும் முன்பே சரிசெய்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவருடன் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். கடைசி வருடம் வரை அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை, நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை. நான் எளிதில் பழகுகிறவள் அல்ல என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சென்ற ஆண்டு கோடை தொடங்கும்போது ஒருநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். "மேடம், உங்க வூட்டு போர்டிகோ காலியாத்தான கீது?" என்று கேட்டார். அப்பாவின் காரை விற்ற பிறகு அது காலியாகத்தான் இருந்தது. பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருப்பதாகவும், ராயபுரத்தில் தான் இருக்கும் மூன்றாவது மாடியில் அதைப் பிரித்து வேலை பார்க்க இடமில்லை என்றும் சொன்னார். இரண்டு வாரம் என்று பேச்சு. சரி என்றேன். அது நான்கு மாதம் ஆயிற்று.

திருவொற்றியூரில் என் வீட்டு வாசலில் அந்த ஸ்கூட்டர் ஒரு மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. மீன்பிடித் துறைமுகத்தில் வருடக்கணக்காக ஐஸ் பெட்டி சுமந்த ஸ்கூட்டர் அது. உப்பும் பனிநீரும் அதன் அடித்தளத்தைத் தின்றிருந்தன. கால் வைக்கும் இடத்தின் வழியாகத் தரை தெரிந்தது.

"இது ஓடுமா பெர்னா?"

"ஓடறதுக்கா வாங்குனேன்? ஓட வைக்கறதுக்கு வாங்கிகிறேன்."

"ஓடலைன்னா?"

"இன்னா டீச்சர், வண்டி இன்னும் எறங்கவே இல்ல, அதுக்குள்ள சந்தேகத்த எறக்கிட்ட?"

கல்லூரியில் நான் மேடம், நீங்க. என் வீட்டு வாசலைத் தாண்டியதும் டீச்சர், நீ. எந்த நிமிடத்தில் மாறியது என்று நான் கவனிக்கவில்லை. நான் மட்டும் கடைசிவரை 'நீங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்காக என்னை நிறையக் கேலி செய்திருக்கிறார்.

ஞாயிறுகளில் கோயில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு மேல் வருவார். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் தரையில் வைத்து அதைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு எண் எழுதுவார். "கழட்டுனத வரிசையா வச்சிட்டா, மாட்டும்போது அதுவே சொல்லும்" என்பார். அடுத்த ஞாயிறு வரை அந்த வெள்ளைக் கோடுகள் அப்படியே இருக்கும். காலையில் பால் எடுக்க வரும்போது, தூக்கக் கலக்கத்தில், தெரியாத ஒரு ஊரின் வரைபடத்துக்குள் நடப்பதுபோல அவற்றை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடப்பேன். கார்புரேட்டர் ஒரு ஏரி. பிரேக் கம்பி ஒரு ஆறு. நான் இப்படியெல்லாம் யோசிக்கிறவள் இல்லை. அந்தக் கோடையில் யோசித்தேன்.

அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் அவை நீருக்கடியில் நடந்தவை போலத் தோன்றுகின்றன. கடல் பக்கமிருந்து மங்கலான ஒரு வெளிச்சம் வரும். பெட்ரோலும் வேப்பம்பூவும் கலந்த வாசனை. தெருவில் ஆளிருக்காது. அவர் மண்டியிட்டு ஏதோ ஒரு திருகாணியுடன் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். நான் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றையும் திருத்தாமல் உட்கார்ந்திருப்பேன். புது பிளக், புது பிரேக், புது டயர் போட்டார். பளிச்சென்ற எல்.இ.டி. விளக்கு ஒன்று வைத்தார். போனுக்கு சார்ஜ் ஏற்ற ஒரு இணைப்பும் கொடுத்தார். சீட்டைத் தானே தைத்தார். உடம்பு முழுக்கப் படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட்.

இவ்வளவும் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னார்.

அவர் பிறந்தது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய முகத்துவாரக்குப்பம். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் இறந்தபோது அக்கா ரோசாலி தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பெர்னா மறுத்துவிட்டார். துக்க வீட்டிலேயே வார்த்தை தடித்திருக்கிறது. "பாத்துகினே இரு. கஷ்டம் வந்தா ஷேர் ஆட்டோ புடிச்சி என் வாசல்லதான் வந்து எறங்குவ" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். அதன் பிறகு பதினான்கு வருடம் பேச்சில்லை.

"போவணும்னு இருக்கு டீச்சர். ஆனா ஷேர் ஆட்டோல போயி எறங்க மாட்டேன். எறங்குனா, அவ சொன்னது நடந்திச்சின்னு ஆவும். சொந்த வண்டில போனா சும்மா பாக்க வந்தேன்னு ஆவும்."

"பஸ்ல போகலாமே."

"பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஒண்ணுதான் அவளுக்கு. நீ படிச்சவ, உனக்குப் புரியாது."

எனக்குப் புரிந்தது. புரிந்ததைச் சொல்லத் தெரியவில்லை.

ஓட்டையான அடித்தளத்துக்கு வருகிறேன். வேறு யாராக இருந்தாலும் தகடு வைத்து வெல்டிங் அடித்திருப்பார்கள். பெர்னா குப்பத்துப் பெண். படகில் ஓட்டை விழுந்தால் கண்ணாடி இழை விரிப்பை வெட்டி வைத்து, ரெசின் என்ற பசையை, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து பூசி அடைப்பார்கள். அதையே செய்தார். முதல்முறை கலந்தபோது, கடற்கரையில் விடியற்காலைக் குளிரில் கலக்கும் அளவையே மே மாத மதியத்திலும் கலந்துவிட்டார். டப்பாவில் புகை கிளம்பியது. பிரஷ் உள்ளே இருக்கும்போதே பசை கல்லாகிவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். பிரஷ் அசையவில்லை. "சூலாயுதம் மாதிரி நிக்கிது பாரு" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்த வாரம் சரியாகக் கலந்து, அடிப்பக்கம் முழுக்க மூன்று அடுக்கு பூசினார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். துரு தின்ற ஓட்டைகளுக்கு நடுவில் நான்கு ஓட்டைகள் ஒரே அளவில், அச்சு வார்த்தது போல வட்டமாக இருந்தன.

"பெர்னா, துரு இப்படி வட்டமாவா தின்னும்?"

"ஓட்டன்னா ஓட்டதான் டீச்சர். உள்ள வர்ற தண்ணி இது எந்த ஓட்டன்னு கேட்டுட்டா வரும்?"

நான் இயற்பியல் கற்பிக்கிறவள். எதையும் நிரூபணம் இல்லாமல் ஏற்காதவள் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆனால் போர்டிகோ நிழல் இதமாக இருந்தது. அவர் பூசிக்கொண்டிருந்தார், பிரஷ் போய்ப் போய் வந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கடைசி ஓட்டையையும் அடைத்துவிட்டு, "இப்ப கடல்ல போட்டாலும் மெதக்கும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு கிளம்பினோம். என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "சாட்சிக்கு. நீ எதையும் நம்பாதவ. நீ பாத்தேன்னு சொன்னா அக்கா நம்புவா" என்றார்.

எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த வண்டி பறந்தது என்று எழுத ஆசை. பறக்கவில்லை, நன்றாக ஓடியது. வலது பக்கம் கற்களில் கடல் மோதிக்கொண்டிருந்தது. இடது பக்கம் நின்ற லாரிகளுக்கு முடிவே இல்லை. தூரத்துப் புகைபோக்கிகள் பாதி வானத்திலும் பாதி மூட்டத்திலுமாகத் தெரிந்தன. பெர்னா உடம்பை நிமிர்த்தி, முழங்கையை விரித்து, யாரோ தன்னைப் படம் எடுப்பதுபோல ஓட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இந்தச் சாலை முடியாமல் போய்க்கொண்டே இருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அப்படி எனக்கு அடிக்கடி தோன்றுவதில்லை.

பிறகு மழை பிடித்தது. பத்து நிமிடம் கொட்டியிருக்கும். குப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் வண்டி இருமுறை விக்கி நின்றுவிட்டது. உதைத்தார். இறங்கி, கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பை விலக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு தொட்டி இருந்தது. முன்பக்கம் வழியாக இறங்கிய மழைநீர் வெளியே போக வழியில்லாமல் நிறைந்து, பேட்டரியும் ஒயர்களும் அதில் மூழ்கியிருந்தன. அந்த நான்கு வட்டமான ஓட்டைகளும் தண்ணீர் வெளியேறுவதற்காகக் கம்பெனியில் போட்டவை. படகில் ஓட்டை என்பது ஆபத்து. அவர் அந்தக் கண்ணோடு அடைத்துவிட்டார். நான் கேள்வி கேட்டேன், பதில் வரும்வரை கேட்காமல் விட்டேன். தவறு இருவருடையதும்தான்.

ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. "இன்னாக்கா, மழைல குளிச்சிகினு நிக்கிறீங்க? ஏறுங்க, வண்டிய அப்பறமா எட்த்துக்கலாம்" என்றார் ஓட்டுநர். ஆட்டோவில் இடம் இருந்தது. நான் பெர்னாவைப் பார்த்தேன்.

"நீ போ நைனா" என்றார் பெர்னா. "எங்ககிட்ட வண்டி கீது."

தள்ளினோம். அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றார். வண்டி கனம் என்று நினைத்தேன். அந்த இரண்டு நிறுத்தங்களைப் பற்றித்தான் இப்போது நிறைய யோசிக்கிறேன்.

ரோசாலி வாசலில் கருவாட்டின் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தெருவில் நனைந்த இரண்டு பெண்கள், நடுவில் ஒரு பச்சை ஸ்கூட்டர். பெர்னா ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, நிமிர்ந்து நின்று சொன்னார்: "வண்டில வந்தேன்."

ரோசாலி வண்டியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "வண்டி உன்கூட வந்துதுன்னு சொல்லு" என்றார்.

"பாதிக்கு மேல ஓட்டிகினுதான் வந்தேன். டீச்சர கேளு."

ரோசாலி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டித்தான் வந்தார் என்று சொன்னேன். என் குரல் நீதிமன்றத்தில் பேசுவது போல இருந்தது. ரோசாலி உள்ளே போனார். இனி வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். ஒரு துண்டோடு வந்து அதைத் தங்கையின் தலையில் எறிந்தார். பிறகு குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார்.

"ஏன்டி, எந்த லூசு இத்த மூடுனது?"

"நான்தான்."

"அதான பாத்தேன். வண்டிக்கும் ஓடத்துக்கும் வித்தியாசம் தெரியாத குடும்பம்!" சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். பெர்னாவும் சிரித்தார். பதினான்கு வருடத்துச் சிரிப்பு என்று எழுதினால் மிகையாகும். ஆனால் அது நின்று முடிய நேரம் ஆயிற்று. படகில் போல்ட் பூட்டத் துளைபோடும் கைத்துரப்பணத்தைக் கொண்டுவந்து, நான்கு ஓட்டைகளையும் ரோசாலியே மறுபடி போட்டார். தண்ணீர் சலசலவென்று கொட்டியது. நான் மட்டும் அன்று மாலை ஊர் திரும்பினேன். ஷேர் ஆட்டோவில்.

நவம்பரில் எல்லோருக்கும் தெரியவந்தது. கணையத்தில் புற்று. கடைசி மூன்று மாதம் அக்கா வீட்டில்தான் இருந்தார். அவரே ஓட்டிப்போய் அங்கே தங்கிவிட்டார், யாரும் கொண்டுபோய் விடவில்லை. இப்போது ரோசாலிக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை சும்மா பார்க்க வந்தாளா, இல்லை, கஷ்டம் வந்துதான் வந்தாளா? தான் துக்க வீட்டில் சொன்ன சொல் பலித்துவிட்டதோ என்ற பயம் அவருக்கு.

என்னிடம் இருப்பவை இவ்வளவுதான். வண்டி வாங்குவதற்கு முந்தைய வாரம் பெர்னா காரணம் சொல்லாமல் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். அந்தக் கோடையில் இளைத்திருந்தார், ஆனால் கோடையில் நானும் இளைப்பேன். வழியில் இரண்டு முறை நின்றார். அந்த வண்டி கனமானது. இவற்றை எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்துகின்றன. சாட்சியாக என்னை அழைத்துப் போனார். சாட்சிக்கு இதற்கு மேல் தெரியாது. தெரியாததை ஆறுதலுக்காகச் சொன்னால் பெர்னாவே என்னை விடமாட்டார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஞாயிறு அல்ல, அதற்கு மறுநாள். அதை ரோசாலிக்காகவும் உங்களுக்காகவும் நடந்தபடியே எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை பெர்னா கல்லூரிக்கு வரவில்லை. பத்தேகாலுக்குப் போன் செய்தார்.

"மேடம், இன்னிக்கி லீவு போட்டுருங்க."

"காரணம் என்ன எழுதட்டும்?"

"தலவலின்னு எழுதுங்க."

பின்னாலிருந்து ரோசாலியின் குரல் கேட்டது: "தலவலியா? காலைலேந்து மூணு வாட்டி துன்னுட்டு காலை நீட்டிகினு குந்திகினு கீறா! டீச்சரம்மாவப் பொய் எழுதச் சொல்லாதடி!"

"கம்முனு இரு அக்கா" என்றார் பெர்னா. 'அக்கா' என்று அவர் கூப்பிட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை. பிறகு என்னிடம் திரும்பி, "சரி டீச்சர், நெசத்தையே எழுதிடு" என்றார்.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'அக்கா வீட்டில் இருக்கிறார்' என்று எழுதினேன். முதல்வர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.