லட்டு புடிக்காத கீரை

"இன்னைக்கும் லட்டு புடிக்கலையே." தினமும் விடிந்ததும் காரிமங்கலம் மிக்கேலம்மாளுக்கு இதே முனகல்தான்.

ஊர்க் கன்னியர் மடத்துப் பெல்ஜியத்து சிஸ்டர், தன் தாய்வீட்டில் தலைமுறையாக எடுத்துவைத்த கீரைவிதையைக் கொடுத்தார். அவர் 'லெட்டூஸ்' என்றது இவள் காதில் 'லட்டுகோஸ்' என்று விழுந்தது; லட்டுபோல உருண்டு வரும் முட்டைக்கோஸ் என்று நினைத்துக்கொண்டாள். அது இலையாக மட்டுமே வளரும், உருளவே உருளாது. இவளோ இந்த 1984 சவேரியார் திருவிழாச் சாப்பாட்டுக்கு இருபது லட்டுகோஸ் தருவதாகக் கோயிலில் பெயர் கொடுத்துவிட்டாள். மானம் போய்விடுமே என்று ஒவ்வொரு செடியையும் வாழைநாரால் இறுக்கிக் கட்டினாள்.

"கீரைக்கு எதுக்குடி கோவணம்?" என்றான் புருஷன் சவரிராயன்.

"உருண்டதும் உங்களுக்கு ஒண்ணுகூடக் கெடையாது, போங்க."

திருவிழாவுக்கு இன்னும் நாலே நாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அது வெறும் கீரை என்று நீங்களாவது சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் சொன்னால் பொறாமை என்கிறாள்.