‘போட்டு வா’ என்று பாடியது

கீபோர்ட் வாசிக்கிற அண்ணை இருந்தார். டிரம்ஸ் அடிக்கிற அவருடைய மச்சான் இருந்தான். அவள் இருந்தாள். கடைசியாக நான்.

ஜெர்மனியின் பான் நகரில், தேவாலயத்துக்குக் கீழே இருந்த மண்டபம். 2003. ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்த பிறகு ஒத்திகை. கலியாண வீடுகளில் பாடுகிற குழு நாங்கள்.

அவள் மன்னார்ப் பெண். முதியோர் பராமரிப்பில் ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பை முடித்திருந்தாள். தூரத்து ஹனோவரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அவளைப் பிடிக்கும். அவளுக்கும் என்னைப் பிடிக்கும். நான்தான் வாய் திறக்கவில்லை.

வாய்க்குப் பதிலாக ஒரு பாட்டை எடுத்தேன். அமெரிக்க நாட்டுப்புறக் காதல் பாட்டு. நான் கோப்பை கழுவிய உணவகத்தின் வானொலியில் ஒரு ஜெர்மன்காரன் அதைத் தன் மொழியில் பாடுவான். ‘கொம் வீடர்’ என்று திரும்பத் திரும்ப வரும். திரும்பி வா என்று அர்த்தம். ஆங்கிலம் எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன். ஜெர்மனை வைத்துத்தான் தமிழில் எழுதினேன். ‘போட்டு வா’ என்று போட்டேன். புறப்படுகிறவரைப் பார்த்து எங்கள் ஆட்கள் ‘போ’ என்று சொல்வதில்லை. போய்விட்டு வா என்பதைத்தான் அப்படிச் சொல்வோம். மெட்டுக்கும் சரியாக வந்தது.

அவளைப் பார்த்துப் பாடினேன்.

“கோப்பை கழுவிறவன் கவிஞனாகிட்டானடா!” என்றார் அண்ணை.

“இனிக் கோப்பையெல்லாம் தாளத்தோட உடையும், அத்தான்” என்றான் மச்சான்.

அவள் சிரிக்கவில்லை. “இங்கிலீசில இப்பிடி இல்லையே. தெரிஞ்சுதான் மாத்தினனீங்களோ?”

ஆங்கிலப் பாட்டு அவளுக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியாது. என் எழுத்தைத்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது.

“ஓம். நல்லா யோசிச்சுத்தான் எழுதினனான்.”

“அப்ப சரி. போட்டு வாறன்.”

கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அண்ணை சொன்னார், ஹனோவருக்கு ஓம் சொல்லிவிட்டாளாம்.

வானொலியில் பாட்டு ஓயவில்லை. ஒரு வருடம் ஒரு பெண் அதை மெதுவாகப் பாடினாள். பிறகு துள்ளல் போட்டு ஆட்டப் பாட்டாக்கினார்கள். கைத்தொலைபேசி மணியாகவும் வந்தது. எல்லாம் ஜெர்மன். எல்லாவற்றிலும் ‘கொம் வீடர்’தான்.

2008இல் அண்ணை பழைய சாமான் சந்தையில் ஒரு சிடி வாங்கினார். காரில் போட்டார். மெட்டு தெரிந்தது. சொல் தெரியவில்லை, ஆங்கிலம்.

“என்னண்ணை சொல்லுறான்?”

“போகாதையாம். வேறென்ன.”

“திரும்பி வா எண்டு வரேல்லையோ?”

“எங்கயடா? அது ஜெர்மன்காரன்ர வேலை. இவன் வாசல்ல நிண்டு அவளை மறிக்கிறான்.”

அவளுக்கு அப்போது கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். ‘போகாதை’யைத் தெரிந்துதான் மாற்றினாயா என்று அன்றைக்குக் கேட்டிருக்கிறாள், என்னை மறி என்று. நான் நன்றாக யோசித்துத்தான் வழியனுப்பினேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். பாட்டே இல்லாமல் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

“இன்னொருக்காப் போடுங்கோ அண்ணை. போகாதை எண்டு வாற இடத்தில சொல்லுங்கோ.”

அவர் சொல்லச் சொல்ல விரல் மடித்தேன்.

பதினொன்று.