வில்லைப் பார்க்க வந்தவர்

நெய்வேலியில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு மைன்ஸ்காரர் இருந்தார். ஹெல்மெட் பட்டை அழுத்திய தடம் அவர் நெற்றியில் எப்போதும் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்ததும் டீ டம்ளரோடு வேலியோரம் நின்றுவிடுவார். அப்போது நான் என் முதல் வில்லைச் செய்துகொண்டிருந்தேன். காய்ந்த புளியங்கிளை ஒன்றை அரிவாளால் செதுக்குவதுதான் வேலை.

"நல்ல புளியங்கொம்பாத்தான் புடிச்சிருக்கீங்க. என்னா, அகப்பையா?"

"வில்லுங்க."

"யார் மேல படையெடுக்கப் போறீங்க? பக்கத்து ஊரு மந்தாரக்குப்பத்து மேலயா?"

கண்ணாடிச் சில்லால் நான் இழைத்தபோது, "கட்டைக்கு ஷேவிங்கா?" என்றார். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடத் தெரியாத ஆள் என்று எனக்கும் அவர்மேல் இளக்காரம்தான். அவர் கண்ணெதிரே அம்பு விட்டு அந்த வாயை அடைக்க வேண்டும் என்ற வெறியிலேயே வில்லை முடித்தேன்.

நாணேற்றி இழுத்த முதல் இழுப்பிலேயே வில் படீரென்று முறிந்தது. ஒரு பாதி வேலியைத் தாண்டி அவர் காலடியில் விழுந்தது. டீ அவர் சட்டையில் கொட்டியது. அவர் சிரிப்பார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அடி கிடி படலியே?"

"இல்லீங்க."

முறிந்த பாதியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோபமாகவே கேட்டார்: "நாளையிலேருந்து சாயங்காலத்துல நான் என்னாத்தப் பாத்துகினு நிக்கிறது?"

அந்தப் பாதியைத் தராமலே உள்ளே போய்விட்டார். அவர் வீட்டில் விறகடுப்பு கிடையாது. அந்த வில் துண்டை வைத்து என்ன செய்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.